அக்கரைப் பனைமரங்கள்

ரயில் வராத அந்தக் காலத்தில், தஞ்சாவூர்ச் சீமையில் சாமி படங்களுக்கு ரேக்கு என்னும் மெல்லிய தங்கத் தகடு ஒட்டுவதில் ரங்கராஜுவை மிஞ்ச ஆளில்லை. அப்படிப்பட்டவருக்கு ஐம்பது வயதில் ஓர் ஆசை வந்தது. வயல், ஏரி, வானம் என்று வெட்டவெளியை வரைந்து பார்க்க வேண்டும்.

அதை வரைகிறவள் மணல்மேட்டில் ஒருத்தி இருந்தாள். செங்கமலம் என்று பேர். முப்பது வயது, இடுப்பில் ஒரு பெண் குழந்தை. வேப்பமரத்தடியில் வரைந்துகொண்டிருந்தவள் முன்னால் போய், ரங்கராஜு வெற்றிலைத் தட்டை நீட்டினார்.

"குருவே, என்னைச் சேர்த்துக்கணும்."

"சேர்த்துக்கிறேன் அண்ணே. முதல்ல கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வெளிச்சம் மறைக்குது."

மூன்று மாதம் ஓடியது. அந்த ஊர்ப் பெண் சௌந்தரத்துக்குக் கல்யாணம் ஆகி, வெள்ளிக்கிழமை ராமநாதபுரத்துக்கு வண்டி ஏற வேண்டும்.

"அங்கே தண்ணிக்கே பஞ்சமாம் அக்கா," என்றாள் செங்கமலத்திடம். "நான் தினம் பார்க்கிற மாதிரி நம்ம ஏரியை வரைஞ்சு குடுங்க."

"ராஜு அண்ணன் வரைவாரு."

ரங்கராஜுவுக்குத் தலைகால் புரியவில்லை. இதில் தேறாவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு தஞ்சாவூருக்கே போய்விடுவது என்று முடிவு செய்தார். செவ்வாய்க்கிழமை விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை ஏரிக்கரையை விட்டு எழுந்திருக்கவில்லை.

செங்கமலம் படத்தைப் பார்த்தாள்.

"மருதமரத்து நிழல் மேற்கே விழுது. புளியமரத்து நிழல் கிழக்கே விழுது. நம்ம ஊருக்கு ரெண்டு சூரியனா, அண்ணே?"

"மருதமரம் காலையில வரைஞ்சது. புளியமரம் சாயங்காலம்."

"தண்ணியில என்ன மினுக்குது?"

"கொஞ்சமா ரேக்கு."

அவள் அதை நகத்தால் சுரண்டி எடுத்துக் குழந்தை நெற்றியில் ஒட்டினாள். அதற்கு அழகாகத்தான் இருந்தது.

சௌந்தரமும் எட்டிப் பார்த்தாள். "அக்கரையில பதினேழு பனைமரமா? நான் ஒண்ணைக்கூடப் பார்த்ததில்லையே."

அவள் போனதும் ரங்கராஜு பொருமினார். "பிறந்து வளர்ந்த ஊரு. எதிர்க்கரைப் பனை கண்ணுக்குத் தெரியலையாம்."

செங்கமலம் படத்தைச் சுருட்டி அவர் கையில் கொடுத்தாள்.

"சூரியன் ஓர் இடத்துல நிக்க மாட்டேங்குது. நான் என்னதான் செய்ய, குருவே?"

"சௌந்தரம் ஏரிக்கரையில எவ்வளவு நேரம் நிப்பா?"

"வெயில் கிளம்புற நேரத்துக்கு வருவா. குடம் நிறைஞ்சதும் போயிடுவா."

"அவ்வளவு நேரம் வரைஞ்சா போதும்."

"ஒரு குடம் நிறையுற நேரத்துல ஓர் ஏரியையா?"

"பெரிய குடமா எடுத்துட்டு வரச் சொல்றேன்."

வியாழக்கிழமை காலை, வீட்டில் இருந்த குடங்களிலேயே பெரிய குடத்தோடு சௌந்தரம் வந்தாள். ரங்கராஜு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து வரைந்தார். படிக்கட்டு வந்தது. தாமரை இலை வந்தது. காலடித் தண்ணீர் வந்தது. அக்கரைக்காகத் தலையை நிமிர்த்தினார். நேர் எதிரே கிளம்பிய சூரியன் முகத்தில் அறைந்தது. கண்ணில் நீர் கட்டியது. துடைத்துவிட்டுப் பார்ப்பதற்குள் குடம் நிறைந்துவிட்டது.

பின்னால் நின்றிருந்த செங்கமலம் தூரிகையைப் பிடுங்கிக் குழந்தை கையில் கொடுத்தாள்.

"பாதிக் காகிதம் வெள்ளையா கிடக்குது, குருவே."

"கிடக்கட்டும்."

வெள்ளிக்கிழமை வண்டி வந்து நின்றது. ரங்கராஜுவும் தன் மூட்டையைக் கட்டித்தான் வைத்திருந்தார். மடியில் ரேக்குப் பொட்டலம் உறுத்தியது.

"அந்த வெறும் இடத்துல ஒரே ஒரு துளி..."

"கையை எடுங்க அண்ணே."

சௌந்தரம் படத்தைப் பிரித்தாள். படிக்கட்டைப் பார்த்தாள், இலையைப் பார்த்தாள். பார்வை மேலே போகப் போகக் கண் இடுங்கியது. புருவத்துக்கு மேல் கையைக் குடையாக வைத்துக்கொண்டாள். பிறகு படத்தைச் சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சிரித்தபடியே வண்டி ஏறினாள்.

வண்டி தெரு முனை திரும்பியது. ரங்கராஜு மூட்டையைக் கீழே வைத்தார்.

"நான் ஒண்ணுமே வரையாத இடத்தைப் பார்த்துல்ல அந்தப் பொண்ணு கண்ணை மறைச்சுக்கிச்சு?"

"அந்த ஓர் இடத்துலதான் நீங்க வெளிச்சத்தை மறைக்காம தள்ளி நின்னீங்க, அண்ணே," என்றாள் செங்கமலம்.