கதவைப் பற்றி எழுதலாமா

சேர்க்கைப் பரீட்சை விடைத்தாள்களை மூன்று நாள் உட்கார்ந்து திருத்திய சுடலைமுத்து, நான்காம் நாள் காலையில் பட்டியலை எடுத்துக்கொண்டு அக்காவைத் தேடிப் போனான்.

அக்கா என்று எல்லாரும் கூப்பிடும் அவர் அந்த ஆசிரமத்தின் தலைவி. ஆசிரமத்தைச் சேர்ந்த இலவச விடுதிப் பள்ளியையும் அவர்தான் நடத்தினார். சுடலைமுத்து அவரிடம் வந்து இரண்டு வருடமாகிறது. அவன் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் அவன்தான். எந்தக் காகிதத்தையும் மூன்று தடவை சரிபார்க்காமல் யாரிடமும் கொடுக்க மாட்டான்.

அக்கா சமையலறை வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“எல்லாம் நியாயமா நடந்துதா?” என்று கேட்டார்.

“நடந்துது அக்கா. பேரை மறைச்சு ஒட்டிட்டு, எண்ணை மட்டும் பாத்துத் திருத்தினேன். எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஒரே நேரம், ஒரே விதி. பள்ளிக்கூடத்துல இப்படி இருந்தாத்தான் வெளியில ஊரும் ஒருநாள் இப்படி ஆகும்.”

“மேடை போட்டுப் பேச வேண்டியதுதான். எத்தனை பேர் தேறலை?”

“நாப்பத்தோரு பேர்ல ஆறு பேர். ஐம்பதுக்கு முப்பது எடுக்கணும். அஞ்சு பேர் ரொம்பக் கீழ. பதினேழாம் எண்தான் இருபத்தேழு. கணக்கும் இலக்கணமும் நல்லாப் போட்டிருக்கு. கட்டுரையில பூஜ்யம்.”

“என்ன தலைப்பு?”

“எங்கள் வீட்டு ஜன்னல்.” சுடலைமுத்துவின் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. “முதல்ல ரயில் பயணம்னு எழுதினேன். ரயில்ல ஏறாத பிள்ளைங்க இருக்குமேன்னு அடிச்சேன். அப்புறம் கடற்கரைன்னு எழுதி அதையும் அடிச்சேன். ஜன்னல்னா எல்லார் வீட்லயும் இருக்கும்.”

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு பதினேழாம் எண் தாளை வாங்கிப் பார்த்தார். கோடு போட்ட பக்கத்தில் ஒரே ஒரு வரி.

‘எங்கள் வீட்டில் ஜன்னல் இல்லை.’

“பதினஞ்சு வரி எழுதணும்னு சொல்லியிருந்தேன். ஒரு வரிக்கு எப்படிப் போடுறது?” என்றான் சுடலைமுத்து.

அப்போது ஒரு பெண் தன் மகளோடு வந்து வாசலில் நின்றாள்.

“சார், லிஸ்ட்டு ஒட்டிட்டீங்களா? ரெண்டு மணி பஸ்ஸை விட்டா அஞ்சரைக்குத்தான். பெயிலுன்னா பெயிலுன்னு சொல்லிருங்க. நாளைக்குச் செங்கச் சூளைக்குக் கிளம்புறோம். இடம் கிடைக்கலைன்னா இவளையும் கூட்டிட்டுத்தான் போகணும். தனியா எங்க விட்டுட்டுப் போக?”

“எந்த எண்ணும்மா?” என்றார் அக்கா.

“பதினேழு,” என்றாள் சிறுமி.

அக்கா அவளைத் தன் பக்கத்தில் கூப்பிட்டுத் தாளைக் காட்டினார்.

“ஏன் கண்ணு, ஒரு வரியோட நிறுத்திட்ட?”

சிறுமி சுடலைமுத்துவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

“பேருதான் பேச்சி,” என்றாள் தாய். “வாயைத் திறக்கணும்னா நல்ல நாள் பாக்கணும். சொல்லேன்டி.”

“எங்க வீட்ல கதவுதான் இருக்கு. கதவைப் பத்தி எழுதலாமான்னு சார்கிட்ட கேட்டேன். பரீட்சையில பேசக் கூடாதுன்னாரு.”

சுடலைமுத்துவுக்கு நினைவு வந்தது. மூன்றாவது பெஞ்சு. அவள் கேள்வியை முடிப்பதற்குள் அவன் விதியைச் சொல்லிவிட்டான்.

“ரெண்டு பேரும் உள்ள போய்ச் சாப்பிடுங்க,” என்றார் அக்கா. “பஸ்ஸுக்கு நேரம் இருக்கு.”

அவர்கள் போனதும் சுடலைமுத்து மெதுவாகச் சொன்னான்.

“அக்கா, மூணு மார்க்குதான் குறையுது. போட்டுரட்டுமா?”

“எதுக்கு? எழுதாத பதினாலு வரிக்கா?”

“பாவம் அக்கா.”

“உன் பட்டியல்ல பாவத்துக்குன்னு ஒரு கட்டம் போட்டிருக்கியா?”

அவன் பட்டியலைப் பார்த்தான். பிறகு சொன்னான்: “திரும்ப எழுதச் சொன்னா மத்த நாப்பது பேருக்கு அநியாயம்.”

“அந்த நாப்பது பேர்ல யாருமே பரீட்சையில பேசலையா?”

“ஒரு பையன் தண்ணி கேட்டான்.”

“நீ என்ன செஞ்ச?”

“குடுத்தேன்.”

அக்கா ஒரு கீரைத் தண்டை ஒடித்து ஓரமாகப் போட்டார். பிறகு பட்டியலின் மேல் இருந்த வெள்ளைத் தாள் ஒன்றை உருவி அவனிடம் நீட்டினார்.

“நீயும் ஒரு கட்டுரை எழுது. இருபது நிமிஷம், பதினஞ்சு வரி. உன் விதிதான். தலைப்பு, என் அப்பாவின் கையெழுத்து.”

சுடலைமுத்து சிரிக்கப் பார்த்தான். அக்கா சிரிக்கவில்லை. அவன் படியில் உட்கார்ந்து எழுதினான்.

‘என் அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது.’

பேனா நின்றது.

பள்ளி நாட்களில் அவனுடைய ஒவ்வொரு மதிப்பெண் அட்டையிலும் பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் ஊதா மை ரேகை இருக்கும். வாத்தியார் அப்பாவின் கட்டைவிரலைப் பிடித்து அழுத்துவார். அப்பா அந்த மையைத் தன் தலைமுடியில் துடைத்துக்கொள்வார். பிறகு அட்டையைத் தலைகீழாகப் பிடித்தபடி, “நல்ல மார்க்கா சார்?” என்று கேட்பார். அதைப் பற்றி முப்பது வரிகூட எழுதலாம். ஆனால் அது கையெழுத்து இல்லை.

சுடலைமுத்து நிமிர்ந்தான்.

“அக்கா, கைநாட்டைப் பத்தி எழுதலாமா?”

“பரீட்சையில பேசக் கூடாது,” என்றார் அக்கா.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். உள்ளே தாய் மகளை அதட்டிச் சாப்பிடச் சொல்வது கேட்டது. அக்கா மிச்சக் கீரையையும் ஆய்ந்து முடித்தார். அவன் தாளில் இரண்டாவது வரி வரவில்லை.

இருபது நிமிடம் முடிவதற்கு முன்பே எழுந்தான். பேச்சியின் தாளைக் கையில் எடுத்துக்கொண்டான்.

“சாப்பிட்டு வந்ததும் அவளை எழுதச் சொல்றேன் அக்கா. அதே இருபது நிமிஷம், அதே பதினஞ்சு வரி. தலைப்புதான் புரியலை. எல்லாருக்கும் பொருந்துற மாதிரி என்ன குடுக்குறது?”

“நீ ஒண்ணும் குடுக்க வேண்டாம்,” என்றார் அக்கா. “அவ அன்னைக்கே உன்கிட்ட ஒண்ணு கேட்டிருக்கா. அதுக்குப் பதில் சொல்லிட்டு வா.”