ராஜா சும்மா உக்காந்த கதை

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னாடி, கொன்றைவள நாடுன்னு ஒரு நாடு. அதை இடிக்குரல் வழுதின்னு ஒரு ராஜா ஆண்டான். பேருக்கேத்த தொண்டை. அரண்மனையில அவன் தும்மினா ஆத்தங்கரையில எருமை எந்திரிச்சு நிக்கும். நல்ல மனுஷன்தான். ஆனா கோபம் வந்துட்டா முதல்ல தண்டனை, அப்புறம்தான் விசாரணை. நாடு கடத்தினவங்களைத் திரும்பக் கூட்டிட்டு வர்றதுக்குன்னே தனியா ஒரு குதிரைப்படை வச்சிருந்தான்னா பாத்துக்குங்க.

ஒருநாள் மந்திரி எயினன் மெதுவா ஆரம்பிச்சான். "அரசே, தினமும் காலையில கொஞ்ச நேரம் கண்ணை மூடிச் சும்மா உக்காருங்க. கோபம் வந்தா வாசல்லயே தெரிஞ்சுடும்."

"சும்மாவா? ராஜா சும்மா உக்காந்தா ஊர் சிரிக்காதா?"

"இப்ப மட்டும் என்ன அரசே, மலையா சுமக்கிறோம்?"

சபையே சிரிச்சுது. ராஜாவும் சிரிச்சுட்டான். நகரக் காவல் அதிகாரி நாகன் மட்டும் சிரிக்கல. மந்திரி சொன்னது ஒண்ணு பலிச்சாப் போதும், அவனுக்கு அன்னிக்கு முழுக்கச் சோறு இறங்காது.

"பிரபு, ராஜா உக்கார்றதுன்னா ஒரு முறை வேண்டாமா? அதை என்கிட்ட விடுங்க"ன்னான். ராஜாவும் விட்டுட்டான்.

மறுநாள் விடிஞ்சதும் தெருத்தெருவா முரசு. "மகாராஜா தியானத்துல உக்காரப் போறார்! எவனும் சத்தம் போடக்கூடாது! மீறினா நாடு கடத்தல்!" சத்தம் கூடாதுங்கறதை ஊர் ஓடு அதிரச் சொல்லிட்டுப் போனாங்க. சேவலுக்கு அலகைக் கட்டியாச்சு. கோயில் மணியோட நாக்குக்குத் துணி சுத்தியாச்சு. அழற குழந்தைக்கெல்லாம் வாயில வெல்லம். சபை கூடி நிக்க, ராஜா பட்டு மெத்தையில உக்காந்து கண்ணை மூடினான்.

டொம்... டொம்... டொம்...

"எவன்டா அது?"

அது எவனும் இல்ல. கோட்டை ஓரத்துல அவல் இடிக்கிற சடைச்சி. நாகன் அவளை உலக்கையோட இழுத்துட்டு வந்து நிறுத்தினான்.

"முரசு கேக்கலையா உனக்கு?"ன்னு ராஜா கத்தினான்.

"கேட்டுச்சு சாமி. ஆனா அதுக்கு முன்னாடியே நெல்லை வறுத்து இறக்கிட்டேன். சூட்டோட இடிச்சாத்தான் அவல், ஆறிப்போச்சுன்னா மாட்டுக்குத்தான். நீங்க கண்ணை மூடினா நாங்க அடுப்பையும் மூடணும்னு முந்தின நாளே சொல்லியிருக்கலாம்ல?"

"வாயைப் பாத்தீங்களா பிரபு!" நாகன் எண்ணெய் ஊத்தினான்.

ராஜாவுக்குக் கண்ணு சிவந்துடுச்சு. "பொழுது சாயறதுக்குள்ள இவளும் இவ குடும்பமும் எல்லையைத் தாண்டணும்!"

சடைச்சி உலக்கையைக் கீழ போட்டுட்டுக் கும்பிட்டா. "சாமி, மாமியா படுத்த படுக்கையா கிடக்கா. அவளை எங்க தூக்கிட்டுப் போவேன்?"

ராஜா முகத்தைத் திருப்பிக்கிட்டான். எயினன் முன்னால வந்தான். "தீர்ப்புல நான் கை வைக்கல அரசே. ஒரு சந்தேகம், அவ்வளவுதான். உலக்கை இங்கதான் கிடக்கு. இப்ப இன்னொரு தடவை உக்காந்து பாருங்களேன். வேற எவனாவது சத்தம் போட்டா, அவனையும் இவளோடயே அனுப்பிடலாம். ஒரே வண்டி போதும்."

"அதுவும் சரிதான். சத்தம் போடறவன் எவனா இருந்தாலும் இவளுக்கு என்னவோ அதே தண்டனைதான். இது என் வாக்கு!"

நாகன் சபையில இருந்த சலங்கை, கொலுசு எல்லாத்தையும் கழட்ட வச்சான். சாமரம் வீசறதையும் நிறுத்தினான். ஊசி விழுந்தாக் கேக்கும். ராஜா கண்ணை மூடினான்.

புஸ்ஸ்... புஸ்ஸ்...

"யார்றா அது! புஸ்ஸு புஸ்ஸுன்னு!"

நாகன் விலங்கைத் தூக்கிட்டு ஓடினான். திரையை விலக்கினான், தூணைச் சுத்தினான், சிம்மாசனத்துக்கு அடியில தலையை விட்டுப் பார்த்தான். ஒரு பூனைதான் கிடைச்சுது. அதுவும் தூங்கிட்டிருந்துது.

எயினன் குனிஞ்சு சொன்னான். "அரசே, இவன் பலே கெட்டிக்காரன். நீங்க கத்தினா ஒளிஞ்சுக்குவான். கத்தாதீங்க, துரத்தாதீங்க. எந்த வழியா வர்றான், எந்த வழியா போறான்னு மட்டும் கவனிங்க."

ராஜா உக்காந்தான். வந்தான்... போனான்... வந்தான்... போனான்... நடுவுல மத்தியானம் வைக்கப்போற புளிக்குழம்பு ஞாபகம் வந்துச்சு. மதம் பிடிச்ச யானை ஞாபகம் வந்துச்சு. 'அடடா, கோட்டை விட்டுட்டேனே'ன்னு மறுபடியும் பிடிச்சான். திரும்பவும் நழுவினான், திரும்பவும் பிடிச்சான். தூக்கியே இருந்த தோள் இறங்குச்சு. நெத்தி முடிச்சு அவுந்துச்சு. இந்த மூஞ்சிக்குள்ள இப்படி ஒரு மூஞ்சி இருந்துதான்னு சபை வாயைப் பொளந்துச்சு.

ரொம்ப நேரம் கழிச்சு ராஜா கண்ணைத் திறந்தான். "ஆளைக் கண்டுபிடிச்சுட்டேன்."

நாகன் துள்ளினான். "காட்டுங்க பிரபு! இப்பவே விலங்கு மாட்டறேன்!"

ராஜா தன் மூக்கைத் தொட்டுக் காட்டினான். "எங்க, மாட்டு பாப்போம்."

நாகன் விலங்கை முதுகுக்குப் பின்னால ஒளிச்சுக்கிட்டான்.

எயினன் கைகட்டி நின்னான். "வண்டி தயார் அரசே. வாக்கும் உங்களோடது. சடைச்சி மாமியார் பக்கத்துல உக்காந்துக்கறீங்களா?"

ராஜா தலை குனிஞ்சுது. மெத்தையை விட்டு எந்திரிச்சு, தானே உலக்கையை எடுத்து அவ கையில கொடுத்தான். "தப்பு என்னோடதும்மா. நீ எங்கயும் போக வேண்டாம்."

"அப்போ நான் வரட்டா சாமி? அடுத்த நெல்லு ஊறிக் கிடக்கு"ன்னு சடைச்சி ஓடினா.

ராஜா தன் கழுத்துல கிடந்த முத்துமாலையை எயினனுக்குப் போட்டான். போட்டுட்டு மெதுவாக் கேட்டான். "மந்திரியாரே, மனசு அடங்கவே இல்லியே? புளிக்குழம்பு, யானைன்னு சந்தையா இருந்துதே?"

"இருக்கட்டும் அரசே. ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்தீங்கள்ல? அந்தத் திரும்பி வர்றதுதான் பயிற்சி. நாளைக்கும் போவீங்க, நாளைக்கும் திரும்பி வருவீங்க. முரசு வேண்டாம், பட்டு மெத்தை வேண்டாம்."

அன்னியிலேருந்து ராஜா தினமும் உக்காந்தான். சில நாள் நல்லா உக்காந்தான், சில நாள் தூங்கி வழிஞ்சான். ஆனா உக்காராம இருக்கல.

ஒருநாள் நாகன் ஓடி வந்தான். "பிரபு! மந்திரி பகை நாட்டு ஒற்றன்கிட்ட ரகசியமாப் பேசறான், என் கண்ணால பாத்தேன்!"

ராஜாவுக்குக் கோபம் அடிவயித்துல கிளம்பி, நெஞ்சைத் தாண்டி, தொண்டைக்கு வந்துச்சு. வாயைத் திறந்தான். மூடினான். ஒரு மூச்சு உள்ளே போச்சு, வெளியே வந்துச்சு. இன்னொண்ணு. நாகனையே பார்த்துக்கிட்டு இருந்தான்.

அப்புறம் நிதானமாச் சொன்னான். "மந்திரியையும் கூப்பிடுங்க. ரெண்டு பேரையும் எதிரெதிரா நிறுத்திக் கேக்கறேன். நீ பாத்த இடம் எது நாகா? சாவகாசமா யோசிச்சே சொல்லு."

ராஜா கத்தினப்பல்லாம் உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டிருந்த நாகனுக்கு, ராஜா கத்தாத அந்தக் கொஞ்ச நேரத்துல வேர்த்து ஊத்துச்சு.