ஆடாத படம்

"மாஸ்டர், ஆடுது" என்றார் வீரபத்திரன்.

"எது?"

"படம்."

ஜரீனா திரும்பிப் பார்க்கவில்லை. யார் வீட்டுக் கல்யாணத்தையோ கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். பரமக்குடியில் பெண்கள் பக்கம் வீடியோ எடுக்க வேண்டுமென்றால் அவளைத்தான் தேடி வருவார்கள். வயது முப்பத்தைந்து இருக்கும். வீரபத்திரனுக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது.

மாடியிலிருந்த அவள் ஸ்டுடியோவுக்குப் பழக முதல் நாள் வந்தபோது "தங்கச்சி" என்றுதான் கூப்பிட்டார்.

"தங்கச்சின்னா நான் சொல்ற பேச்சக் கேக்க மாட்டீங்க. மாஸ்டர்னு சொல்லுங்க."

அதிலிருந்து மாஸ்டர்.

அவர் கையில் இருந்தது கிம்பல். மேலே கேமராவை மாட்டி, கீழே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்தால், கை ஆடினாலும் படம் ஆடாது என்று சொல்லி விற்கிற சாமான். கத்தாரை விட்டு ஒரேயடியாகக் கிளம்பும்போது ஆளாளுக்குத் தங்கம் வாங்குவார்கள். இவர் இதை வாங்கி வந்தார்.

"இங்க குடுங்க."

வாங்கி, சுவிட்சை அணைத்தாள். கேமரா தூங்குகிறவன் தலை மாதிரி பொத்தென்று ஒரு பக்கம் சாய்ந்தது.

"பாத்தீங்களா? எங்கிட்டு கனமோ அங்கிட்டு விழுது. நீங்க பாட்டுக்கு மோட்டாரப் போட்டுட்டீங்க. அது தூக்கிப் பிடிக்கப் பாக்குது. முடியல. நடுங்குது."

"தூக்கிப் பிடிக்கத்தான மாஸ்டர் மோட்டாரு?"

"மோட்டார் இல்லாமலே நிக்கணும். நின்னப்புறம் போடுங்க."

"நின்னுட்டா அப்புறம் மோட்டார் எதுக்கு?"

அவள் மறுபடியும் கல்யாணத்தைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

வீட்டுக்குப் போய் உட்கார்ந்தார். திருகைத் தளர்த்தி, கேமராவை முன்னே ஒரு நூல், பின்னே ஒரு நூல் நகர்த்தினார். சாய்ந்தது. மறுபடி நகர்த்தினார். சாய்ந்தது. சோறு ஆறிப் போயிற்று. வீட்டில் "சாப்பிட வா" என்று கூப்பிட யாரும் இல்லை.

விடிந்து வெளிச்சம் உள்ளே வந்தபோது, சுவிட்ச் போடாத கேமரா விட்ட இடத்தில் நின்றது.

*

"மாஸ்டர், இப்ப நடுங்கல. ஆனா ஏறி ஏறி எறங்குது."

"அது கிம்பல் இல்ல. உங்க காலு."

"கால் ஆட்டத்தையும் இது பிடிக்காதா?"

"திரும்புனா பிடிக்கும். சாஞ்சா பிடிக்கும். நீங்க தொம்மு தொம்முனு நடந்தா அது என்ன செய்யும்? உங்க கூடச் சேந்து குதிக்கும்."

"எப்படித்தான் நடக்கிறது?"

"ஆத்துக்குப் போங்க."

வைகையில் தண்ணீர் இல்லை. பாலத்துக்குக் கீழே கண்ணுக்கெட்டின மட்டும் மணல். வீரபத்திரன் முட்டியை மடக்கி, குதிகாலை மெல்ல வைத்து, விரலை அப்புறம் வைத்து நடந்தார். யாரோ தூங்குகிற அறைக்குள் நடக்கிற மாதிரி.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பொம்பளை நின்று பார்த்தாள்.

"என்னண்ணே, மூட்டுவலியா? நல்லெண்ணெயக் காய்ச்சித் தேய்ங்க."

"வலி இல்லம்மா. பழகுறேன்."

"இந்த வயசுலயா நடக்கப் பழகுறீங்க?"

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நடந்தார். சிரித்தால் படம் ஆடும்.

*

வீட்டுக்குள்ளே எடுத்த படம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். கூடம், அடுப்படி, கொல்லைப்புறம், திரும்பக் கூடம். எண்ணெய் வழிகிற மாதிரி போயிற்று படம்.

ஜரீனா முழுக்கப் பார்த்தாள்.

"வீட்ல யாருமே இல்லையா?"

"நான் இருக்கேன்ல."

"நீங்க கேமராவுக்குப் பின்னால இருக்கீங்க."

அவர் கேமராவைக் கிம்பலிலிருந்து கழற்றத் தொடங்கினார்.

"எதுக்குண்ணே இதக் கத்துக்கிறீங்க? கல்யாண ஆர்டர் பிடிச்சு எனக்குப் போட்டியா வரப் போறீங்களா?"

"கல்யாணத்துக்கு இல்ல மாஸ்டர். சாவுக்கு."

அவள் நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்தாள்.

"என் வீட்டுக்காரி தவமணி செத்தப்ப நான் கத்தார்ல. பாஸ்போர்ட்டு மொதலாளி கையில. அனுப்ப முடியாதுன்னுட்டான். வீடியோவுல கூப்பிட்டா லைன் நிக்கல. அவ தம்பி காசிலிங்கத்துக்கிட்ட சொன்னேன். மாப்ள, அவ மொகத்த ஒரு தடவ நல்லா எடுத்து அனுப்புடா. வேற எவன்கிட்டயும் போனக் குடுக்காத, எனக்குன்னு நீயே எடு. எரிக்கிற வரைக்கும் மொகத்த விட்டு எடுக்காதன்னேன்."

"எடுத்தாரா?"

"எடுத்தான். தரைய எடுத்தான். பந்தல எடுத்தான். எவன் காலையோ எடுத்தான். அவ மொகம் ஒரு ஓரத்துல, மூக்குத்தியும் ஒரு காதுமா, கண்ண மூடித் தொறக்கிறதுக்குள்ள போயிருச்சு."

"சரி பண்ணப் பாத்தீங்களா?"

"மதுரையில ஒருத்தன் கம்ப்யூட்டர்ல ஆட்டத்த நிறுத்தித் தரேன்னான். நிறுத்திட்டான். ஆட்டத்த நிறுத்த ஓரத்தையெல்லாம் வெட்டணுமாம். வெட்டிட்டான். அவ ஓரத்துலதான இருந்தா?"

கீழே தெருவில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"தம்பி எங்க இருக்காரு?"

"எங்க தெருவுலதான். நாலு வீடு தள்ளி. தவமணிக்குக் கூடப் பிறந்தது அவன் ஒருத்தன்தான். எனக்கும் இப்ப ஒறவுன்னு அவன் ஒருத்தன்தான். வந்து இறங்குன அன்னைக்கு வாசல்ல வந்து நின்னான். உள்ள கூப்பிடல. பொங்கலுக்கு அவன் பொண்டாட்டி சோறு கொண்டாந்தா. திருப்பி விட்டுட்டேன். அவன் மொகத்தப் பாத்தாலே அந்தத் தரைதான் தெரியுது மாஸ்டர்."

"ம்."

"எவனெவன் பொழைக்கப் போன எடத்துல கெடக்கானோ, அவனுக்கெல்லாம் நான் ஆடாம எடுத்து அனுப்புவேன். ஒருத்தனும் என்ன மாதிரி தரையப் பாத்துக்கிட்டு ஒக்காரக் கூடாது."

*

சீக்கிரமே ஒரு சாவு வீடு வந்தது. பக்கத்துத் தெருவில் ஒரு பெரியம்மா இறந்துபோனாள். மகன் சிங்கப்பூரில். ஜரீனாவைக் கேட்டார்கள். அவள் வீரபத்திரனை அனுப்பினாள்.

மறுநாள் மத்தியானம் படியேறி வந்தார். இத்தனை நாளில் இல்லாத ஒரு தெம்பு நடையில்.

"பாருங்க மாஸ்டர்."

பார்த்தாள். வாசல், பந்தல், கூட்டம். கூட்டம் தானாக விலகி வழி விடுகிற மாதிரி படம் உள்ளே போயிற்று. கட்டிலைச் சுற்றி வந்தது. பெரியம்மாவின் முகத்தில் வந்து நின்றது. நின்றது நின்றதுதான். அலைகிற கூட்டத்துக்கு நடுவே அந்த முகம் அசையவே இல்லை.

"இதுதான் நான் காசிகிட்ட கேட்டது. இது ஒண்ணுதான் கேட்டேன். ஒரு போன நேராப் பிடிக்க ஒரு மனுசனுக்குத் தெரியாதா?"

ஜரீனா படத்தை ஓரிடத்தில் நிறுத்தினாள். வயதான ஒருவர் புதுச் சேலையை விரித்து, கழுத்திலிருந்து கால்வரை அந்தம்மாள்மேல் போர்த்திக்கொண்டிருந்தார். அழுகையில் அவர் வாய் கோணியிருந்தது.

"இது யாரு?"

"அந்தம்மாவோட அண்ணன். கோடி போத்துறாரு."

"கோடின்னா?"

"புதுச்சேலை மாஸ்டர். பொறந்த வீட்டுல இருந்து கடைசியாக் கொண்டாந்து போத்துறது."

"எங்க ஆளுகள்ல இது இல்ல. யாரு வேணாலும் போத்தலாமா?"

"அதெப்படி? கூடப் பிறந்தவன்தான் தன் கையால போத்தணும். இல்லாட்டி அந்தப் பொம்பள நாதி இல்லாமப் போன மாதிரி."

ஜரீனா கொஞ்ச நேரம் அந்தப் பெரியவரின் கைகளையே பார்த்தாள்.

"உங்க வீட்டுப் படத்தக் காட்டுங்க."

"அது எதுக்கு இப்ப?"

"காட்டுங்கண்ணே."

போனை எடுத்துக் கொடுத்துவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். போனிலிருந்து அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது. நின்றது. மறுபடி முதலிலிருந்து கேட்டது.

போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

உள்ளே போய், போட்டோ எடுக்கும்போது பின்னால் தொங்கவிடுகிற திரைச்சீலை ஒன்றை மடிப்புக் கலையாமல் எடுத்து வந்தாள். சேலை நீளம் இருக்கும். அதை அவர் தோளில் போட்டாள்.

"கிம்பல எடுங்க. ஓட விடுங்க."

"இப்பவா?"

"அந்த பெஞ்சு மேல இந்தத் துணிய விரிங்க. தலமாட்டுல இருந்து கால்மாடு வரைக்கும். சுருக்கம் இருக்கக் கூடாது."

"கேமராவ?"

"கேமரா தலமாட்டையே பாத்துக்கிட்டு இருக்கணும். ஆடக் கூடாது."

"துணி விரிக்க ரெண்டு கை வேணுமே மாஸ்டர்."

"இருக்கிற கையால விரிங்க."

வலது கையில் கிம்பல். இடது கையால் துணியை உதறினார். மடிப்பு பிரியவில்லை. பல்லால் ஒரு முனையைக் கடித்து இழுத்தார். பாதி பிரிந்து தரையில் விழுந்தது. குனிந்து எடுத்தார். ஒரு முனையை பெஞ்சில் வைத்து, மறுமுனையை இழுத்தால் வைத்த முனை கூடவே வந்தது. முழங்கையால் அமுக்கினார். கிம்பலில் மோட்டார் கீச்கீச்சென்று கத்தியது.

"இத யாராச்சும் ஒரு நிமிசம் பிடிச்சா போத்திருவேன் மாஸ்டர்."

"யார்கிட்டயும் குடுக்கக் கூடாது."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை.

மறுபடி குனிந்தார். எப்படியோ விரித்து முடித்தார். கோணல்மாணலாக, ஆனாலும் தலையிலிருந்து கால்வரை. வேர்வை மூக்கில் சொட்டியது.

"இப்ப எடுத்ததப் போட்டுப் பாருங்க" என்றாள்.

பெஞ்சுக் கால். அவருடைய கால்விரல். மின்விசிறி. துணியின் ஒரு ஓரம். தரை. துணி குறுக்கே போனது. தரை. பெஞ்சின் தலைமாடு, கண்ணை மூடித் திறப்பதற்குள். தரை.

வீரபத்திரன் உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். தவமணியின் படத்தை ஓடவிட்டார். ஊருக்கு வந்த பிறகு எத்தனையோ தடவை அதைப் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் முகத்தைத்தான் தேடியிருக்கிறார்.

தரை. எவனோ ஒருவனுடைய கால். பந்தல். துணியின் ஒரு ஓரம். வெளிச்சம் பத்தாமல் கறுப்பாகத் தெரிந்தது. தரை.

அந்தக் காலைப் பார்த்தார். பெருவிரல் நகம் இல்லாத கால். சின்ன வயதில் கிணற்று ஏற்றத்தில் அடிபட்டு நகம் போனது யாருக்கென்று அவருக்குத் தெரியும்.

கிம்பலை பெஞ்சின்மேல் வைத்தார். படியிறங்கினார்.

"அண்ணே" என்று ஜரீனா கூப்பிட்டாள். "சாமான விட்டுட்டுப் போறீங்க."

அவர் காதில் விழவில்லை.

பாலத்தில் ஏறாமல் மணலில் இறங்கி நடந்தார். முட்டியை மடக்கவில்லை. தொம்மு தொம்மென்று நடந்தார். வெயில் கொளுத்தியது. அக்கரை ஏறி, தெருவில் நுழைந்து, தன் வீட்டைத் தாண்டிப் போனார்.

காசிலிங்கம் சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பான் போல. சட்டை இல்லாமல், எச்சில் கையோடு வாசலுக்கு வந்தான். யாரென்று பார்த்ததும் அப்படியே நின்றான். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான்.

"வாங்க மச்சான்" என்றான்.

வீரபத்திரன் படியேறவில்லை. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மாப்ள" என்றார். "அக்காவுக்கு என்ன கலர்ல கோடி எடுத்த?"