மூன்று காய் மிஞ்சிய ஆட்டம்

ஒரு காட்டின் நடுவே கறுத்த ஏரி ஒன்று இருந்தது. அதன் கரையில் ஒரு நாரை நின்றது. உச்சி வெயிலில் கரை மரங்கள் எல்லாம் தண்ணீரில் தலைகீழாகத் தெரியும். நாரை மட்டும் தெரியாது.

அந்தக் கோடையில் வேறெங்கும் தண்ணீர் இல்லை. நாரையைக் கேட்காமல் குடிக்கப் போன காட்டுப்பன்றியின் காலடித் தடம் ஏரிக்குள் இறங்கிப் போயிருந்தது. திரும்பி வந்த தடம் இல்லை.

"தண்ணி வேணுமா? என்கூட ஒரு ஆட்டம் சதுரங்கம் ஆடு!" என்றது நாரை. "நீ ஜெயிச்சா, நான் வாங்கின குரல் எல்லாத்தையும் திருப்பித் தர்றேன். தோத்தாலும் தண்ணி உண்டு. ஆனா உன் குரல் எனக்கு. ஆட்டம் சமமா முடிஞ்சாலும் எனக்குத்தான்!"

இதைச் சொல்லும்போதே முதல் வார்த்தை மானின் குரலில் வந்தது. அடுத்தது மயிலின் குரலில். அதற்கடுத்தது யாருடையது என்று எவருக்கும் தெரியவில்லை.

தாகம் யாரை விட்டது? விலங்குகள் ஒவ்வொன்றாகப் போயின, ஆடின, தோற்றன. வயிறு நிறையக் குடித்துவிட்டு ஊமையாகத் திரும்பின. சிறுத்தை வந்தால் கத்த ஆளில்லை. பட்டப்பகலில் புல் அசையும், ஒரு மான் குறையும், சத்தமே இருக்காது.

ஆள்காட்டிக் குருவியின் பேடையும் அப்படித்தான் குரலை இழந்தது. அதற்கு மறுநாள் கீரி வந்தது. பேடை வாயைத் திறந்தது, காற்றுதான் வந்தது. இரண்டு குஞ்சில் ஒன்று போயிற்று.

ஆள்காட்டி அழவில்லை. மனத்தில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டது. பேடை ஏரியில் வயிற்றுச் சிறகை நனைத்து வரும்; அந்தச் சிறகைச் சப்பித் தாகம் தீர்த்துக்கொண்டு, ஆள்காட்டி தினமும் புதருக்குள் உட்கார்ந்து நாரையின் ஆட்டங்களைப் பார்த்தது.

மற்ற விலங்குகளும் வேடிக்கை பார்க்க வரும். காய்கள் படபடவென்று வெட்டுப்படும்வரை கைதட்டும். பாதிக் காய் போனதும் சலித்து எழுந்து போய்விடும். ஆள்காட்டி மட்டும் கடைசிவரை பார்த்தது. பார்க்கப் பார்க்க ஒன்று புரிந்தது. ஆட்டத்தின் ஆரம்பத்தில் நாரை யாரையும் ஜெயிக்கவே இல்லை. காய்களைக் கொடுத்துக்கொண்டே நின்றது, மீனுக்குக் காத்திருப்பதைப் போல. பலகை காலியான பிறகுதான் கொத்தியது!

ஆள்காட்டி மணலில் கட்டம் கீறியது. இரண்டு கூழாங்கல் இரண்டு ராஜா. ஒரு புளியங்கொட்டை சிப்பாய். பேடை நாரையின் ராஜாவை ஆடியது. சிப்பாயை ஓட்டி மறுகரை சேர்த்தால் அது ராணியாகும். ஆனால் ஆள்காட்டி எத்தனை முறை ஓட்டியும் பேடையின் ராஜா வழியை அடைத்தது. அவசரப்பட்டுச் சிப்பாயைத் தள்ளும்போதெல்லாம் பேடை ஆள்காட்டியின் மண்டையில் நறுக்கென்று கொத்தியது.

இருநூறு கொத்து வாங்கியபின் விளங்கிற்று. சிப்பாய்க்கு முன்னால் ராஜா நடக்க வேண்டும். இரண்டு ராஜாக்களும் நடுவே ஒரு கட்டம் விட்டு நேருக்கு நேர் நின்றால், நகர வேண்டிய முறை யாருடையதோ அவன்தான் ஒதுங்க வேண்டும்!

கருமுகன் என்ற குரங்கு இதைப் பார்த்துவிட்டது.

"என்னலே ஆள்காட்டி, மூணு காயை வெச்சுக்கிட்டுப் பல்லாங்குழியா ஆடுற?"

"முடிக்கப் பழகுறேன்."

"ஆரம்பிக்கத் தெரியாதவனுக்கு முடிவு எதுக்கு? எனக்கு நாற்பது விதமா ஆரம்பிக்கத் தெரியும்! நாளைக்கு வந்து பாரு, அந்த ஒத்தைக்காலனை எப்படி உரிக்கிறேன்னு!"

மறுநாள் கருமுகன் நாரையை உரித்தேதான் விட்டது. நாரைக்கு மிஞ்சியது மூலையில் ஒரு ராஜா மட்டும். கருமுகனுக்கு ராணி, யானை, இரண்டு குதிரை! காடே குதித்தது. கருமுகன் கூட்டத்தைப் பார்த்துப் பல்லைக் காட்டியபடியே ராணியை நாரையின் ராஜாவுக்கு அருகில் வைத்தது.

நாரை கழுத்தைச் சாய்த்தது. "எனக்கு செக் இல்லை. நகரவும் இடம் இல்லை. ஆட்டம் சமம், தம்பி."

கடைசி வார்த்தை கருமுகனின் குரலிலேயே வந்தது.

இப்போது காட்டில் ஆள்காட்டியின் குரல் ஒன்றுதான் மிச்சம். சிறுத்தை வந்தால் கத்த அதை விட்டால் வேறு நாதியில்லை. ஏரியோ ஒரு குட்டையாகச் சுருங்கிவிட்டது. அது வற்றினால் நாரை எல்லாக் குரல்களோடும் பறந்துவிடும்.

மறுநாள் உச்சிப் பொழுதில் ஆள்காட்டி பலகைக்கு முன் போய் உட்கார்ந்தது.

ஆரம்பம் மோசம்தான். அதற்குப் பெரிய வித்தை ஒன்றும் தெரியாது. நாரை காய் கொடுத்தபோது ஆசைப்படவில்லை. காய்க்குக் காய் மாற்றிக்கொண்டே வந்தது. வேடிக்கை பார்த்தவை சலித்துப் போய்விட்டன. பேடை மட்டும் தூரத்தில் நின்றது. பலகையில் இரண்டு ராஜா, ஆள்காட்டியின் ஒரு சிப்பாய்.

காற்று நின்றது. நாரையின் தொண்டை அசைந்தது. வெளியே வந்தது பேடையின் குரல்.

"என்னங்க, வழி காலியா இருக்கே! சிப்பாயைத் தள்ளுங்க. குஞ்சு பசியோட இருக்கு. சீக்கிரம் வாங்க!"

மூன்று மாதமாகக் கேட்காத குரல். ஆள்காட்டியின் அலகு சிப்பாயைத் தொடும் அளவுக்குப் போயிற்று. அப்போது மண்டையில் ஆறாத புண் சுரீர் என்றது. சிப்பாயைத் தள்ளு என்று பேடை ஒருநாளும் சொல்லாதே!

அலகை இழுத்துக்கொண்டது. ராஜாவைப் பிடித்து, சிப்பாய்க்கு முன்னால், நாரையின் ராஜாவுக்கு நேரெதிரே வைத்தது. நடுவே ஒரு கட்டம்.

"உன் முறை" என்றது.

நாரை கெஞ்சியது, மானாக அழுதது, காட்டுப்பன்றியாக நீருக்கடியிலிருந்து கூப்பிட்டது. ஆள்காட்டி பலகையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நாரையின் ராஜா ஒதுங்க வேண்டியதாயிற்று. அது விட்டுப்போன பக்கம் வழி திறந்தது. ஆள்காட்டியின் ராஜா மீண்டும் எதிரே போய் நின்றது, மீண்டும் ஒதுக்கியது. சிப்பாய் ராணியாயிற்று.

நாரையின் ராஜா தானே மூலைக்கு ஓடிப் பதுங்கியது. "கிட்ட வா, கிட்ட வா" என்றது நாரை.

ஆள்காட்டி ராணியைத் தள்ளியே நிறுத்தியது. மூலையில் இருப்பவன் அசைய ஒரு கட்டம் விட்டுவைத்தது. தன் ராஜாவை அடிமேல் அடி வைத்து நடத்திக் கொண்டுவந்தது. அதன்பிறகே ராணியை இறக்கியது.

"செக். ஓட இடம் இல்லை!"

நாரை அலகைத் திறந்தது. அகவல், பிளிறல், கனைப்பு, கொக்கரிப்பு எல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வெளியேறின. கடைசியில் நாரைக்கு மிஞ்சியது அலகு தட்டும் சத்தம்தான். அதைத் தட்டிக்கொண்டே அது நடந்து குட்டைக்குள் இறங்கியது. தண்ணீர் அதன் கணுக்கால் அளவுதான். ஆனாலும் நாரை முழுதாக முங்கிப்போயிற்று.

காடு ஓடிவந்தது. கருமுகன்தான் முன்னால்.

"பார்த்தீங்களா! நேத்து நான் அந்த நாரையைக் களைக்க வெச்சேன். அதனாலதான் இன்னிக்கு இவன் பிழைச்சான்!"

ஆள்காட்டி அதையும் ஒரு முடிச்சாகப் போட்டு வைத்துக்கொண்டது. பேடைதான் தொண்டையைச் செருமிக்கொண்டு, குரல் வந்தபின் முதல் பேச்சாகச் சொன்னது:

"அண்ணே, ராணி, யானை, ரெண்டு குதிரை! அத்தனையையும் வெச்சுக்கிட்டு ஒரு மூலை ராஜாவைப் பிடிக்கத் தெரியலையே! நாளைக்கு எங்க மணலுக்கு வாங்க. புளியங்கொட்டை நான் தர்றேன்."

கருமுகன் தலையைச் சொறிந்துகொண்டு மரத்தில் ஏறியது.

வெட்டிக் குவிப்பவன் கைதட்டல் வாங்குவான். முடிக்கும் வகையைப் பொறுமையாகப் பழகியவனே வெற்றியை வாங்குவான்.