ஒரு விரல் கனம்

பனிமலை மடத்தில் சேர்ந்தபோது இருளப்பனுக்கு அறுபது தாண்டியிருந்தது. குரு அமுதவல்லிக்கோ அவர் மகள் வயது. மாட்டுத் தரகில் சந்தையையே கத்தி அடக்கிய மனுஷன், தீட்சைக்கும் பேரம் பேசினார்.

“தாயே, என் கோபமெல்லாம் உறைஞ்சு போச்சு. தீட்சை எப்போ?”

அமுதவல்லி மடத்தின் கழிவுத் தொட்டியைக் காட்டினாள். சேறும் தண்ணீரும் பிரியாமல் தளும்பிக் கிடந்தது.

“இதை மணல் பாத்தியில ஒரு விரல் கனம் ஊத்துங்க. அடிவரைக்கும் உறைஞ்சப்புறம் அதுமேல இன்னொரு விரல். வெயில் வந்தா உருகித் தண்ணி மணல்ல இறங்கிடும், சேறு பொடியா நிக்கும். அன்னைக்குத் தீட்சை.”

“விரல் விரலாவா? குளிரே முடிஞ்சிடும்! முழங்கால் அளவு ஊத்துறேன். சுருக்கா முடிப்போம்.”

“பனிகிட்டப் பேரமா?”

“பேசித்தான் பாப்போமே.”

ஒரு பாத்தியில் அவள் விரல் கனம் ஊற்றினாள். பக்கத்துப் பாத்தியில் அவர் குடம் குடமாகக் கவிழ்த்தார்.

சில நாளில் இரண்டும் ஒன்றுபோல் வெளுத்து இறுகின. விடிந்தும் விடியாத மூட்டத்தில் இருளப்பன் அமுதவல்லியைக் கூட்டிவந்து, தடியால் தன் பாத்தியைத் தட்டினார்.

“கேட்டீங்களா? பாறை!”

அடியிலிருந்து யாரோ திருப்பித் தட்டினார்கள்.

அவர் மறுபடி தட்டவில்லை. அது மட்டும் தட்டிக்கொண்டே இருந்தது, மெதுவாக, கை ஓய்ந்தவன் தட்டுவதுபோல.

“எவன்டா அது!” என்று ஓங்கி மிதித்தார். பனி பிளந்தது. கால் முழங்கால்வரை கறுப்புச் சேற்றில் இறங்கியது. உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. ஏதோ முனகிக்கொண்டே கணுக்காலைப் பற்றியது.

உதறிக்கொண்டு கரையில் விழுந்தார்.

“என்ன தாயே அது?”

“சேறு.”

“சேறு பேசுமா? உங்களுக்குக் கேக்கல?”

“கேட்டுது.”

“என்னன்னு?”

“‘கதவத் திறண்ணே, குளிருது’ன்னு.”

ஒரு மழை ராத்திரியில், குடித்துவிட்டு வந்த தம்பி சோலையனை வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போட்டவர் இருளப்பன். காலையில் வாசற்படியில் கிடந்தது பிணம். அதை இந்த மலையில் யாரிடமும் அவர் சொன்னதில்லை.

கரையில் கிடந்தபடியே கேட்டார்: “தீட்சையே வேணாம் தாயே. இதை மூடுறதுக்கு ஒரு வழி சொல்லுங்க.”

அமுதவல்லி மிச்சப் பனியையும் தடியால் உடைத்தாள். சேறு திறந்து கிடந்தது. ஓர் அகப்பையை அவர் கையில் வைத்தாள்.

“மேல மூடினதாலதான் அடியில உறையல. அள்ளுங்க. இன்னைக்கு ஒரு விரல் கனம்.”