சாணம் மிதிக்காத பொறிச்சி

காட்டில் மூங்கில் பூத்த வருஷம் அது. மூங்கில் பூத்தால் அரிசி கொட்டும். கொட்டி முடிந்ததும் புதரே காய்ந்து செத்துப்போகும். அந்த அரிசிக் காலத்தில்தான் பொறிச்சி என்ற காட்டுக்கோழி குஞ்சு பொரித்தாள்.

காட்டுக்கோழிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. காட்டெருமை போட்ட சாணத்தைக் கிளறி, குஞ்சுகளைக் கூப்பிட்டுக் கொத்தச் சொல்லும். பொறிச்சியும் அப்படி வளர்ந்தவள்தான். ஆனால் குவிந்து கிடந்த அரிசியைப் பார்த்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"என் பிள்ளைகள் மூங்கிலரிசி தின்கிறவர்கள்! சாணியில் கால் வைக்க மாட்டார்கள்!" என்று காடெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

குளத்தோரம் கன்றோடு மேய்ந்த மோழைச்சி என்ற காட்டெருமை அதைக் கேட்டுச் சிரித்தாள்.

"ஏண்டி பொறிச்சி, என் சாணி உனக்கு நாறுதா? நான் தின்கிறது காய்ஞ்ச புல்லு. அதை நானா செரிக்கிறேன்? என் வயித்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத குட்டி ஜீவன்க குடியிருக்கு. அதுங்க ஒரு சாறு விடும். அது பட்டா கட்டைப் புல்லும் கூழாயிடும். என் கன்னு என் வாயை நக்குதே, எதுக்குன்னு நினைச்சே? அந்த ஜீவன்களை வாங்கிக்கத்தான்! என் சாணியிலயும் அதுங்கதான் இருக்கு!"

"உவ்வே! வயித்துல புழு வளர்க்கிறவளே, தள்ளிப் போ!"

"புழு இல்லடி. வேலைக்காரங்க. அரிசி தீர்ந்து உமி மட்டும் மிஞ்சும்போது தெரியும் உனக்கு!"

அரிசி தீர்ந்தது. மூங்கில் காய்ந்து சாய்ந்தது. தரையெல்லாம் உமிதான். குஞ்சுகள் அதையே தின்றன. இரைப்பை புடைத்துக்கொண்டு நிற்கும். நெஞ்செலும்போ கத்தி மாதிரி துருத்தும். தின்ற உமி தின்றபடியே வெளியே வந்து விழுந்தது.

"அம்மா, வயிறு ரொம்பியிருக்கு. ஆனா பசிக்குது" என்றது ஒரு குஞ்சு. பொறிச்சி இன்னும் கொஞ்சம் உமியைக் கிளறிப் போட்டாள்.

குருணை என்ற கடைக்குஞ்சு மட்டும் அம்மா பார்க்காத நேரத்தில் சாணத்துக்கு ஓடும். சாணத்தோடு உமியைச் சேர்த்துக் கொத்தும். கொஞ்ச நாளில் அதன் இறகு மினுங்கத் தொடங்கியது. பொறிச்சி கண்டுபிடித்துவிட்டாள்.

"நாறுது! அந்தக் காலோடு என் இறக்கைக்குள்ள வராதே!" என்று கொத்தி விரட்டினாள். குருணை போய் மோழைச்சியின் காலடியில் படுத்துக்கொண்டது.

அந்தக் காட்டில் ஒரு கீரி இருந்தான். அரிசிக் காலத்தில் ஓடியோடிப் பார்த்தும் ஒரு குஞ்சுகூட அவன் வாய்க்கு அகப்படவில்லை. இப்போது அவன் பாறைமேல் தள்ளி நின்றே பேசினான்.

"பயப்படாதே அக்கா! நான் கிட்டவே வரமாட்டேன். ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறேன். உன் பிள்ளைங்க வயித்துல பூச்சி. சின்னவன் சாணியிலேருந்து கொண்டுவந்து ஒட்டிவிட்டுட்டான். மரப்பட்டை ஊறின இந்தக் குட்டையில கசப்புத் தண்ணி இருக்கு. ஆளுக்கு நாலு வாய் குடிங்க. வயிறு கழுவின மாதிரி ஆயிடும்!"

'கிட்ட வராதவன் என்ன கெடுதல் செய்யப்போகிறான்?' என்று நினைத்தாள் பொறிச்சி. முதலில் தானே குடித்துக் காட்டினாள். அவள் வயிற்றுக்குள்ளிருந்து மெல்லிய குரல்கள் கேட்டன.

"தாயி! நாங்க பகையில்ல! உன் அம்மா குடுத்த ஆளுங்க! நீ தின்ற உமியை இத்தனை நாள் கரைச்சது நாங்கதான்! ஊத்தாதே தாயி..."

பொறிச்சி திடுக்கிட்டாள். "வைத்தியரே, உள்ளே யாரோ கத்துறாங்க!"

"கத்தட்டும் அக்கா! மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்!"

அவள் இன்னும் குடித்தாள். குரல்கள் ஒவ்வொன்றாக அடங்கின. குஞ்சுகளையும் குடிக்க வைத்தாள். அவற்றின் வயிற்றில் இருந்த ஜீவன்களே கொஞ்சம். அதுவும் போயிற்று. இரண்டொரு நாளில் அவற்றால் தலையைத் தூக்கக்கூட முடியவில்லை.

அப்போது கீரி பாறையை விட்டு இறங்கினான்.

"இப்போ கிட்ட வரலாம்னு தோணுது, அக்கா."

"ஓடுங்க! ஓடுங்க!" என்று அலறினாள் பொறிச்சி. எதற்கும் கால் எழவில்லை. அவளுக்கும் இறக்கை எழவில்லை. கீரி அவசரமே படாமல் குஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தின்றான். கடைசியில் மோழைச்சியின் காலடியில் நின்ற குருணையைப் பார்த்துப் பாய்ந்தான். அது சிட்டாகப் பறந்து மோழைச்சியின் முதுகில் ஏறியது. மோழைச்சி தரையைக் கீறிச் சீறினாள். கீரி போய்விட்டான். அவனுக்கு வயிறு நிறைந்துதான் இருந்தது.

பொறிச்சி தள்ளாடி எழுந்தாள். சாணத்தண்டை போனாள். கால் வைத்துக் கிளறினாள். குக்... குக்... குக்... என்று எல்லாப் பிள்ளைகளையும் கூப்பிட்டாள்.

குருணை மட்டும் வந்தது.

அழுக்கிலிருந்து வந்தது என்று உதவியை அருவருத்து விரட்டுகிறவர், இனிக்கப் பேசும் பகைவனுக்குத் தம் பிள்ளைகளையே பரிமாறிவிடுகிறார்.