தீத்தப்பர் துளையிட்ட தாளம்

மருதந்துறையில் பாத்திரங்களுக்கு ஈயம் பூசிப் பிழைத்தவர் தீத்தப்பர். தோளில் துருத்தியும் கரிமூட்டையும் தொங்க, பகல் முழுவதும் தெருத்தெருவாகப் போவார். மற்ற ஈயம் பூசுவோரைப் போல் அவர் கூவுவதில்லை. பிறவியிலேயே திக்குவாய். அவர் 'ஈயம்' என்று சொல்லி முடிப்பதற்குள் தெரு முடிந்துவிடும் என்று ஊரார் கேலி செய்வார்கள். அதனால் பழைய வாணலி ஒன்றைக் கரண்டியால் தட்டிக்கொண்டே நடப்பார். சத்தம் கேட்டுப் பெண்கள் பாத்திரங்களை எடுத்து வருவார்கள்.

மாலையானால் ஆற்றில் முழுகி, நீறு பூசி, இடஞ்சாய்ந்த ஈசர் கோயிலுக்குப் போய்விடுவார். அங்கே சிவலிங்கம் இடப்பக்கமாகச் சற்றே சாய்ந்திருக்கும். அதனால் அந்தப் பெயர். பூசை வேளையில் வெண்கலத் தாளம் தட்டுவது தீத்தப்பரின் பணி. சோற்றுத் தட்டின் அகலமுள்ள இரண்டு பழைய தகடுகள். ஐந்தெழுத்தைச் சொல்ல ஆரம்பித்தால் அவர் 'ந' என்னும் முதல் எழுத்திலேயே நின்றுபோவார். ஆனால் தாளத்தில் எழுத்துக்கு ஒரு தட்டாக ஐந்து தட்டு தட்டிவிடுவார். மிச்சத்தை ஈசனே எழுத்துக்கூட்டிப் படித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார் போலும். அந்த ஐந்து தட்டில் அவருக்கு எல்லாம் நிறைந்திருந்தது. வேறு குறை என்று அவர் எதையும் நினைத்ததில்லை.

ஓர் ஆடி மாதத்து மாலையில், மூன்றாவது தட்டில் தாளம் 'கிர்ர்' என்று இழுத்தது. தீத்தப்பர் தகடுகளில் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். விளிம்பிலிருந்து உள்நோக்கி இரண்டு விரற்கடை நீளத்துக்கு மயிரிழையாய் ஒரு விரிசல்.

"ஆளுக்குத்தான் திக்குன்னா, இப்பத் தாளத்துக்குமல்லோ திக்கிப் போச்சு!" என்று சன்னிதியிலேயே ஒருவர் சொல்ல, கூட்டம் சிரித்தது. கோயில் நிர்வாகம் பார்த்த மணியக்காரர் செல்லாண்டியப்பர் மட்டும் சிரிக்கவில்லை. பின்னமான பொருள் சன்னிதியில் ஆகாது என்பது அவர் கட்சி. வரும் பிரதோஷத்துக்குள் சரியாகாவிட்டால் தாளத்தை உருக்கி விளக்காக வார்த்துவிடுவது என்று முடிவு சொல்லிவிட்டார். பிரதோஷத்துக்கு எட்டே நாள் இருந்தது. தீத்தப்பர் தலையசைத்துத் தாளத்தை வீட்டுக்கு எடுத்துப் போனார்.

ஓட்டையை அடைப்பதுதானே அவர் தொழில்! எத்தனை அண்டாக்களை அடைத்த கை! கரியை மூட்டி, நவச்சாரம் தூவி, விரிசலில் ஈயத்தை உருக்கி ஓடவிட்டார். வெள்ளிக் கம்பிபோல அழகாகப் படிந்தது. ஆறியதும் தட்டிப் பார்த்தார். 'டப்' என்றது. முன்பு இழுத்த தாளம் இப்போது ஊமையாகிவிட்டது. ஈயத்தைத் திரும்ப உருக்கி வழித்தபோது, சூட்டில் விரிசல் இன்னும் ஒரு விரற்கடை ஓடியிருந்தது.

அன்றுதான் அவருக்குப் பயம் வந்தது. வாயும் இல்லாமல் தாளமும் இல்லாமல் தம் ஈசனை எப்படி அழைப்பது? வெறுங்கையோடு கோயிலுக்குப் போய் நின்றார். கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, வேப்பமரத்தடியில் கழற்றிவிட்ட செருப்பை மாட்டக் குனிந்தார்.

வார் நுழைவதற்காகத் தோலில் ஒரு கீறல் இருந்தது. கீறலின் முனையில் மிளகளவு ஒரு வட்டத் துளை. பத்து வருடமாக மிதித்துத் தேய்ந்த தோல், அந்தத் துளையைத் தாண்டி ஒரு நூல்கூடக் கிழியவில்லை. தீத்தப்பர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அதைத் தைத்துக் கொடுத்த சுக்கனாரிடம் ஓடினார். துளையைக் காட்டி, "ஏ... ஏ... ஏனுங்?" என்றார்.

"அதுங்களா சாமி? கீறலை அப்படியே உட்டா ஓடிக்கிட்டே இருக்குமுங்க. முனையில வட்டமா ஓட்டை போட்டுட்டா, எந்தப் பக்கம் ஓடறதுன்னு தெரியாம அங்கியே நின்னுக்கும்" என்றார் சுக்கனார்.

தீத்தப்பர் அவரை நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்கினார். சுக்கனார் பதறி எழுந்துவிட்டார்.

வாழ்நாளெல்லாம் துளைகளை அடைத்தவர், அன்று முதல்முறையாகத் துளையிட உட்கார்ந்தார். கயிறிழுத்துச் சுழற்றும் துளையூசியால் விரிசலின் முனையில் மிளகளவு துளைத்தார். பிறகு விரிசலின் இரு உதடுகளும் ஒன்றோடொன்று உரசாதபடி, மெல்லிய அரத்தால் மூன்று நாள் ராவினார். முடித்த பின்பும் தட்டிப் பார்க்கவில்லை. முதல் ஓசை ஈசனுக்கு என்று துணியில் சுற்றி வைத்துவிட்டார்.

பிரதோஷத்தன்று துணியை அவிழ்த்ததும் மணியக்காரருக்குக் கோபம் தலைக்கேறியது. "அடைச்சுட்டு வாடான்னா ஓட்டை போட்டுட்டு வந்திருக்கறான்! சாமிகிட்டயே பூ வாக்குக் கேட்டுப்போடலாம். பூ வலது பக்கம் உழுந்தாத் தட்டட்டும். இடது பக்கம் உழுந்தா உருக்கறதுதான்."

சபாபதி குருக்கள் லிங்கத்தின் உச்சியில் ஒரு நந்தியாவட்டையை வைத்தார். இடப்புறம் சாய்ந்த லிங்கத்தில் பூ எந்தப் பக்கம் விழும் என்பது மணியக்காரருக்குத் தெரியாதா என்ன? ஆனால் பூ விழவே இல்லை. இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. கூட்டம் காத்துக் காத்துக் கால் மாற்றி நின்றது.

"பூ உழுகலீன்னா இஷ்டமில்லீன்னுதான் அர்த்தம்" என்றார் மணியக்காரர்.

குருக்கள் பூவையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தச் சத்தத்தை நாம யாருமே இன்னும் கேட்கலைங்களே. கேட்காம சாமி மட்டும் எப்படிங்க பதில் சொல்லுவார்? தீத்தப்பரே, தட்டுங்க."

தீத்தப்பர் தகடுகளை உயர்த்தினார். முதல் தட்டு. இழுக்கவில்லை, உரசவில்லை. முன்பைவிடச் சற்றே கனத்த குரலில் தாளம் பாடியது. இரண்டாம் தட்டின் ரீங்காரம் அடங்கும் முன்னே மூன்றாம் தட்டு. நந்தியாவட்டை அசைந்தது, சாய்வை எதிர்த்து, வலப்புறமாகப் புரண்டு விழுந்தது. மணியக்காரர் தம்மை அறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தீத்தப்பர் அதையெல்லாம் பார்க்கவில்லை. நான்காம் எழுத்தும் ஐந்தாம் எழுத்தும் பாக்கியிருந்தன.

தாளத்தின் அதிர்வில் பூ விழுந்தது என்பாரும் உண்டு. நாமும் அதைத்தானே சொல்கிறோம்? வலப்புறமாக ஏன் விழுந்தது என்பதை அவர்கள்தாம் சொல்ல வேண்டும்.

பூசை முடிந்ததும் தீத்தப்பர் நேராக வேப்பமரத்தடிக்கு வந்தார். கோயிலுக்குள் வர அந்நாளில் இடம் கிடையாத சுக்கனார் அங்கே கைகூப்பி நின்றிருந்தார். தீத்தப்பர் பிரசாதப் பூவை அவர் கையில் வைத்து, "சு... சு..." என்று தொடங்கினார்.

"கேட்டுச்சுங்க சாமி. அஞ்சும் கேட்டுச்சு" என்றார் சுக்கனார். அவர் கண்கள் நிறைந்திருந்தன.

தீத்தப்பரின் திக்கு கடைசிவரை தீரவில்லை. தீர்த்துவை என்று அவர் கேட்கவும் இல்லை. அவர் ஐந்தாவது தட்டை முடிக்கும்வரை தீபத்தை இறக்காமல் காத்திருப்பது மட்டும் அக்கோயிலில் வழக்கமாகிவிட்டது. சொல்லால் எட்டாதவனை ஐந்து தட்டில் அழைத்த அந்த எளியவரின் கைகளை நாமும் நினைந்து வணங்குவோம்.